பாடத்துக்கா, வீட்டுக்கா

கல்லூரியில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மேடம், எல்லா சயின்ஸ் பேப்பருக்கும் ஆன்லைன் டிஸ்கஷன் கட்டாயம்னு சொல்லிட்டாங்க. பசங்க ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. நீங்க அந்தக் காலத்துலயே நடத்துனீங்களாமே, எப்படிப் பேச வெச்சீங்க?" என்று கேட்டாள்.

பேச வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பெயரை மறைத்துக்கொள்ள விட்டால் பேசிவிடுவார்கள். பேசின பிறகுதான் ஆபத்து ஆரம்பம். இதைப் போனில் சொன்னால் கிழவி பயமுறுத்துகிறாள் என்பாள். அதனால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்தது இருபத்துநான்கு வயதில். ஆய்வக உதவியாளர் மாதிரி பியூரெட் கழுவினதில் மூன்று வருடம், பாடம் எடுக்கப் பழகினதில் ஐந்து வருடம் போயின. அதன்பின் வருடா வருடம் இரண்டாமாண்டுக்குச் சாயங்களைப் பற்றி நான்தான் பாடம் நடத்தினேன். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலை ஒட்டிய தெருவில். அங்கிருந்து, நெசவாளர்களும் சாயப்பட்டறைகளும் நிறைந்த பிள்ளையார்பாளையம் சைக்கிளில் போகிற தூரம். என் வகுப்பில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வந்தார்கள். இருந்தும் ஒரு சாயப்பட்டறைக்குள் நான் கால் வைத்ததே கிடையாது. இப்போது எழுதும்போது கூசுகிறது, அப்போது அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கல்லூரிக்கு இணையம் வந்தது. நூலகத்தின் மூலையில் ஒரே ஒரு கணினி, பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். தொலைபேசி இணைப்பு முதல்வர் அறையிலிருந்து இழுத்தது. அவர் போனை எடுத்தால் இங்கே இணைப்பு அறுந்துவிடும். இலவசமாகக் குழு தொடங்க இடம் தந்த ஓர் இணையதளத்தில் என் இரண்டாமாண்டு மாணவர்களுக்காக ஒரு குழு ஆரம்பித்தேன். வகுப்பில் தலை நிமிராத பெண்களெல்லாம் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை.

இரண்டு விதிகள் வைத்தேன். யாரும் சொந்தப் பெயரில் எழுத வேண்டாம். யார் யாரென்று எனக்குக்கூடத் தெரிய வேண்டாம். இரண்டாவது, ஒரு கேள்வி வந்தால் ஒரு நாள் முழுக்க நான் வாய் திறக்க மாட்டேன். அவர்களே அடித்துக்கொண்டு ஒரு பதிலுக்கு வரட்டும், அதன்பின் நான் சொல்கிறேன். இந்த இரண்டும் என் சொந்த மூளையில் உதித்தவை என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

பேருந்து நிலையத்தருகே இருந்த பிரவுசிங் சென்டர்களுக்குப் போய் எழுதித் தள்ளினார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பாவு, நாடா, கோர்வை, ஜரிகை என்று தறியையே கொண்டுவந்து குழுவில் இறக்கியிருந்தார்கள்.

துறைத் தலைவர் தணிகாசலம் சாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. நீலம் எழுத, சிவப்பு திருத்த, பச்சை கையெழுத்துக்கு. அவர் பார்க்காத தாள் எங்கள் துறையில் கிடையாது. மாணவர் விடுப்புக் கடிதத்தில் "வீட்டு வேலை காரணமாக" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "என்ன வீட்டு வேலை? பாத்திரம் தேய்க்கவா, பந்தல் போடவா? விவரமா எழுதிக்கினு வா" என்பார். கடிதத்தில் வீட்டு முகவரி இருக்க வேண்டும், கூப்பிட்டால் ஆள் வரக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண் இருக்க வேண்டும், அப்பா கையெழுத்து இருக்க வேண்டும். அத்தனையும் வரிசை எண் போட்டு, துளையிட்டு, கயிற்றில் கோத்து வைப்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரைத் தாசில்தார் என்போம்.

குழுவுக்கு அனுமதி கேட்கப் போனபோது, "பேர் இல்லாம எழுதுறதுக்குப் பேர் மொட்டைக் கடுதாசி. அதுக்குக் காலேஜ் போன் லைனா?" என்றார். நான் விடவில்லை. ஒரு வாரம் வாதாடினேன். கடைசியில், குழுவில் வருகிற ஒவ்வொரு வரியையும் தினமும் அச்செடுத்து அவர் மேஜையில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். தினமும் வைத்தேன். தினமும் படித்து, எழுத்துப்பிழைகளைச் சிவப்பில் சுழித்து, பச்சையில் கையெழுத்துப் போட்டுக் கோத்தார்.

அந்தக் கேள்வி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் நூலகத்தில் பார்த்தேன். எழுதியது கோர்வை.

"மேடம், சிமெண்டுத் தொட்டியில ஒட்டிக்கினு இருக்கிற சாயம் போகணும்னா, பிளீச்சிங் பவுடரோட ஆசிட் சேர்த்தா சீக்கிரம் வெளுக்குமா? நாளைக்குள்ள தெரியணும்."

நான் பூரித்துப்போனேன். மறுநாள் எங்கள் துறையில் உள்தேர்வு. பிளீச்சிங் பவுடர் அந்தத் தேர்வுக்கான பாடத்தில் இருந்தது. பாடத்தைத் தன் ஊர்த் தொழிலோடு பொருத்திப் பார்த்து ஒரு பிள்ளை கேட்கிறதே, இதற்காகத்தானே இத்தனை பாடு பட்டோம் என்று கண்ணில் நீர் வராத குறை. விதிப்படி பதில் எழுதவில்லை. அச்செடுத்துக்கொண்டு போய், பெருமையாகத் தணிகாசலம் சாரிடம் நீட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "யார் இது?"

"தெரியாது சார். அதானே விதி."

"எதுக்குக் கேக்குது இந்தப் புள்ள?"

"நாளைக்கு டெஸ்ட் சார்."

"கேக்குறவன் யாருன்னு தெரியாம, எதுக்குன்னு தெரியாம, நீ எப்படிம்மா பதில் சொல்லுவ? ஆளைப் பாக்காம டாக்டர் மருந்து எழுதுவாரா?"

நான் சிரித்தேன். இந்த மனுஷனுக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கணினியைத் திறந்தேன். நாடா பதில் போட்டிருந்தது. "ஆசிட் சேர்த்தால் பிளீச்சிங் பவுடரிலிருந்து குளோரின் வெளியே வரும். வெளுப்பது அந்தக் குளோரின்தான். அதனால் ஆசிட் சேர்த்தால் சீக்கிரம் வெளுக்கும்." கீழே சமன்பாடு. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி, ஓர் எண் பிசகவில்லை. பதினொரு மணிக்குத் தேர்வு, கேள்வித்தாள் கட்டைப் பிரிக்க வேண்டும் என்ற அவசரத்தில், "மிகச் சரி. முழு மதிப்பெண் பெறும் பதில்" என்று அடித்துவிட்டு, அச்செடுத்து, எழுந்து போய்விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தேர்வு தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். தணிகாசலம் சார் கையில் ஒரு தாளோடு அறைக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது. "டெஸ்ட் அன்னிக்கு லீவு! காரணத்தைப் பாரு. 'வீட்டில் சாயத் தொட்டி கழுவ வேண்டியிருப்பதால்.' தொட்டி கழுவுறதுக்கு லீவு கேக்குது இந்தப் பொண்ணு!"

கடிதம் தேவகியுடையது. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். இரண்டு வருடத்தில் என்னிடம் நாலு வார்த்தை பேசியிருப்பாளோ என்னவோ.

தொட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் திக்கென்றது. நாளைக்குள்ள தெரியணும் என்று எழுதியிருந்தாளே, தேர்வுக்கு இல்லையா? "சார், அது பாடத்துக்குக் கேட்டது இல்ல சார். நிஜமாவே ஊத்தப் போறாங்க. நான் சரின்னு எழுதிட்டேன் சார்" என்றேன்.

அவர் பக்கத்து அறை ஆசிரியரைத் தேர்வுக்கு நிறுத்திவிட்டு நடந்தார். நான் நூலகத்துக்கு ஓடினேன். எழுதினதை அழித்துவிட்டு, ஊற்றாதே என்று ஒரு வரி போட்டால் போதும் என்று தோன்றியது. இணைப்பு கிடைக்கவில்லை. முதல்வர் போனில் இருந்தார். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது, மறுபடி கத்தியது, மறுபடி அடங்கியது. கிடைத்திருந்தாலும் என்ன? தொட்டிக்கு முன்னால் நிற்கிற பெண் பிரவுசிங் சென்டரிலா உட்கார்ந்திருப்பாள்!

தணிகாசலம் சார் முதல்வர் அறைக்குள் நுழைந்து, அவர் கையிலிருந்த போனையே வாங்கிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். கடிதத்திலிருந்த பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்து, "ஏறும்மா" என்றார். அதுவரை அவர் வண்டியில் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

வழி முழுக்க எனக்கு ஒரே கணக்குதான். பத்து மணிக்குப் பதில் போட்டேன். அவள் எப்போது பார்த்திருப்பாள்? ஒருவேளை பார்க்காமலே இருந்திருக்கலாம். பிரவுசிங் சென்டரில் இன்று கரண்ட் இல்லாமல் போயிருக்கலாம். அப்பா வேறு வேலையாக வெளியே போயிருக்கலாம். பெருமாளே, அவர் எங்கேயாவது போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் வண்டி நின்றது. தெருவின் நீளத்துக்குப் பாவு போட்டிருந்தார்கள். பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஸ்கூட்டர் போக முடியாது. "கொஞ்சம் பொறுங்க சார், முடிஞ்சிடும்" என்றார் ஒருவர். சார் வண்டியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு இறங்கி நடந்தார். பாவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி. இழையில் புடவை பட்டால் அறுந்துவிடுமே என்று ஒரு பயம், நேரமாகிறதே என்று ஒரு பயம். ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பாவு முடிகிற இடத்தில் அந்த நெடி மூக்கில் ஏறியது. ஆய்வகத்தில் எத்தனையோ தரம் சன்னமாக முகர்ந்த நெடி. இங்கே தெருவிலேயே கண் எரிந்தது.

ஏகாம்பரத்தை, அதாவது தேவகியின் அப்பாவை, வாசலில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வாயில் நுரை. தேவகி ஈரத் துண்டை அவர் முகத்தில் வைத்துக்கொண்டு இருமினாள். அவள் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. பின்கட்டிலிருந்து அவரை அவள்தான் தோளைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். போனை எடுக்க ஆளில்லாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

"பின்னாடி யாரும் போகாதீங்க! கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து விடுங்க! ஆட்டோ கூப்பிடுப்பா!" என்று சார் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "எதோட எதைக் கலந்தீங்க? யார் சொல்லிக் கலந்தீங்க?" என்று கேட்டார்.

தேவகி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யாரும் சொல்லல சார். நாங்களாத்தான் ஊத்திட்டோம்."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முப்பது வருட உத்தியோகத்தில் நான் வெட்கப்படுகிற இடம் அந்த "மிகச் சரி" கூட இல்லை, இதுதான். இருபது வயதுப் பெண் என்னைக் காப்பாற்ற, நான் காப்பாற்றப்பட்டுக்கொண்டு நின்றேன். தணிகாசலம் சார் பக்கத்தில்தான் நின்றார்.

மறுநாள் காலை என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் குழுவின் கோப்பு திறந்திருந்தது. புதன்கிழமைத் தாள். கேள்வி, நாடாவின் பதில், என் வரி. கீழே பச்சைக் கையெழுத்து இல்லை.

"இதுல நான் கையெழுத்துப் போடல. முதல்ல நீ எழுதும்மா" என்று தன் நீலப் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

உட்கார்ந்து, என்ன நடந்தது, நான் எதைக் கவனிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் எதைச் சொல்லவில்லை என்று முழுவதும் எழுதி, சொந்தப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். படித்துவிட்டு அவரும் போட்டார். பிறகு அதை எடுத்துக்கொண்டு அவரே முதல்வரிடம் போனார். எனக்கு மெமோ வந்தது, வர வேண்டியதுதான். குழுவை மூடிவிடச் சொன்னார் முதல்வர். ஆரம்பத்திலிருந்து அதை எதிர்த்த மனுஷன் அன்று சொன்னதை என்னால் மறக்க முடியாது. "மூடினா அந்தப் புள்ளைங்க கேக்காமலே ஊத்தும் சார். நடக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஏகாம்பரத்தின் கட்டிலருகே நின்று, தப்பு என்னுடையது, சரியென்று எழுதினது நான்தான் என்றேன். அவர் குழாயை நகர்த்திவிட்டு, விட்டு விட்டுப் பேசினார்.

"இருட்டுச் சேப்பு காய்ச்சின தொட்டிம்மா அது. அடுத்து சந்தனக் கலரு இறக்கணும், கல்யாண ஆர்டரு. சோடா போட்டுத் தேய்ச்சா ரெண்டு நாளு ஆவும். பவுடரைக் கரைச்சிட்டேன். ஆசிட் கேனைத் திறந்தப்பவே மூக்கு வேணாம்னுதான் சொல்லிச்சி. நான் முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கிறவன், எனக்குத் தெரியாதா? காலேஜுல சரின்னுட்டாங்கப்பான்னு பொண்ணு எழுதிக்கினு வந்த நோட்டைக் காட்டிச்சி. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊத்திட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறாவது இறங்கியிருக்கும்.

குழுவின் விதிகளை மாற்றினேன். புனைபெயர் இருக்கட்டும், இல்லாவிட்டால் தேவகி மாதிரிப் பெண்கள் எழுதவே மாட்டார்கள். ஆனால் கேள்வியின் முதல் வார்த்தையாகப் பாடத்துக்கா, வீட்டுக்கா என்று எழுத வேண்டும். வீட்டுக்கு என்றால் ஒரு நாள் காத்திருக்கும் விதி கிடையாது, பார்த்த நிமிடமே பதில். அப்புறம் எல்லோருக்குமாக, "நாடாவுக்கு ஒரு வார்த்தை. நீ எழுதியது பாடத்துக்குச் சரி. தவறு என்னுடையது" என்று போட்டேன். நாடா அதன்பின் எழுதவேயில்லை. அது யாரென்று நானும் தேடவில்லை.

இவ்வளவு செய்தும் என்ன! ஒருவரும் எழுதவில்லை. தினமும் கணினியைத் திறப்பேன், வெறும் திரை. வெற்றுத் தாளை அச்செடுத்துக்கொண்டு போவேன், சார் அதிலும் "பதிவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பார். ஏகாம்பரம் நாலாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார், தேவகியும் வகுப்புக்கு வந்துவிட்டாள். மூன்றாவது பெஞ்சில் அதே ஓரம். அந்தப் பக்கம் திரும்பிப் பாடம் நடத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு மதியம், ஒரே ஒரு செய்தி இருந்தது. கோர்வை.

"வீட்டுக்கு. மேடம், அப்பாவுக்கு இருமல் நிக்கல. படி ஏறுனா மூச்சு வாங்குது. குளோரின் பட்ட நுரையீரல் பழையபடி ஆயிடுமா? புக்குல தேடிப் பாத்தேன். அதுல இல்ல."

என்னைச் சுற்றி நூலகத்தில் யார் இருந்தார்கள் என்று நினைவில்லை. இந்தத் தடவை மூன்று முறை படித்தேன். முதல்வர் போனை எடுத்துவிடுவாரோ என்ற பயத்திலேயே அடித்தேன்.

"எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். அப்பாவைப் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்கலாம்."

அனுப்பிவிட்டு அச்செடுத்து, தணிகாசலம் சார் மேஜையில் வைத்தேன். மெதுவாகப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

"வேதியியல் டிபார்ட்மெண்டுல ஒருத்தங்க தெரியாதுன்னு எழுதி இப்பதான் பாக்கறேன்" என்றார். பச்சையில் கையெழுத்துப் போட்டு, துளையிட்டு, கயிற்றில் கோத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒன்பது மணிக்கு அந்தத் தெருவுல பாவு போட்டிருப்பாங்க. வண்டி போவாது, நடக்கணும். எட்டரைக்கே கிளம்பிடலாம், ரெடியா இரு."